பெஞ்சக்கா எழுந்த கச்சேரிகள்

பெஞ்சக்கா எழுந்தால் கோயிலே எழுந்துவிடும். அவளுக்கு ஏதோ பெரிய செல்வாக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தப்பெல்லாம் தூண்களுடையது.

அந்தத் தேவாலயத்தைக் கட்டியவருக்குத் தூண் என்றால் கொள்ளை ஆசை போலிருக்கிறது. இரண்டு பேர் கைகோத்து அணைத்தாலும் எட்டாத தூண்களை வரிசை வரிசையாக நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் பீடம் தெரியாது, பாதிரியார் தெரியமாட்டார், தூண் தெரியும். சரி, காதாலாவது கேட்டுக்கொள்வோம் என்றால் அதற்கும் வழியில்லை. பாதிரியார் ஒரு வார்த்தை சொன்னால் அது கூரைக்குப் போய், சுவரில் முட்டி, முந்தின வார்த்தையோடு சண்டை போட்டுக்கொண்டே கீழே இறங்கும். இன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். கேட்டவருக்கும் தெரியாது, கேட்கப்பட்டவருக்கும் தெரியாது. இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு நடப்பார்கள்.

ஆனால் எல்லாப் பெஞ்சிலிருந்தும் தெரிகிற இடம் ஒன்றே ஒன்று இருந்தது. முதல் பெஞ்சில் நடைபாதை ஓரம், அங்கிருந்து மட்டும் பீடமும் தெரியும். ஒழுங்காகச் சுற்றுகிற ஒரே மின்விசிறியும் அதற்கு மேலேதான் தொங்கியது. வாரம் முழுக்கச் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண், ஞாயிற்றுக்கிழமையாவது காற்று வாங்கலாம் என்று முன்கூட்டியே வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளும் நல்ல உயரம். பூசையில் எப்போது எழவேண்டும், எப்போது முழங்காலில் நிற்கவேண்டும் என்று தெரியாமல் தூணை வெறித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அவள் தலை ஒரு வரப்பிரசாதம். அவள் எழுந்தால் எழுந்தார்கள், உட்கார்ந்தால் உட்கார்ந்தார்கள். வருஷங்கள் போகப் போக அவள் பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். முதல் பெஞ்சு அக்கா என்றார்கள், பிறகு அதுவும் தேய்ந்து பெஞ்சக்கா ஆனாள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. மாட்டிக்கொண்டவளுக்கு அல்லவா தெரியும்! அவளால் ஆசைக்கு ஒரு தும்மல் போட முடியாது. ஒருமுறை ஜாக்கெட்டிலிருந்து பொத்தான் ஒன்று அறுந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடினாள். நிமிர்ந்தபோது கோயில் முழுவதும் முழங்காலில் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு வந்திருந்த பிஷப், அறிவிப்புகள் வாசிக்கும்போதே முழங்காலில் விழுகிற பக்தியை வேறெங்கும் கண்டதில்லை என்று கண்கலங்கிப் போனார். பொத்தான் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்கிறேனே, அவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை இல்லாமல் இல்லை. இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கல்யாணம் கூடி வரவில்லை, அவளும் மெனக்கெடவில்லை. சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கட்டில், ஜன்னலுக்கு வெளியே ஊரார் உடுப்புகள் காய்கிற கொடி. வாரத்தில் ஆறு நாள் யார் வீட்டுச் சட்டைக்கோ காலர் தேய்க்கிறவளுக்கு ஏழாவது நாள் ஒரு கூட்டமே காத்திருக்கிறது என்றால் தலை லேசாக நிமிரத்தான் செய்யும். அந்த நிமிர்ந்த தலைதான் தங்கையோடு பகையைக் கொண்டுவந்தது.

தாய் தகப்பன் போனபிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். கல்யாணம் செய்து கொடுத்ததும் அவள்தான். தங்கையின் புருஷன் ஒரு நல்ல மனுஷன், எலெக்ட்ரீஷியன், வாயைத் திறந்தால் சிரிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவருக்குத் தாங்கமுடியாத வயிற்றுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். தங்கை அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் செய்தாள்.

"உடனே வா அக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"பூசை முடிஞ்சதும் வந்துடறேன்டி. ஞாயித்துக்கிழமை காலையில நான் எப்படி வர்றது? நான் இல்லேன்னா கோயில் என்னாகும்?"

தங்கை கேட்டாள்: "என்னைவிட அந்தப் பலகை பெரிசாப் போச்சா உனக்கு?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புருஷன் சில நாளில் எழுந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டார். ஆனால் தங்கை அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுவரை அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டாள், வாசல் கதவை ஒட்டி. அக்கா எழும்போது எல்லாரும் எழுவார்கள், அவள் எழமாட்டாள். முட்டிவலி என்று ஊர் நினைத்தது.

இதில் கொடுமை என்னவென்றால் பெஞ்சக்காவால் தங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. ஆசை பொறுக்காமல் ஒரு ஞாயிறு மெல்லத் தலையைத் திருப்பினாள். கோயில் முழுக்க இருந்த தலைகள் அத்தனையும் சேர்ந்து திரும்பின. ஊரே தன்னை முறைப்பதைப் பார்த்த தங்கை, அக்கா தன்னைக் கூட்டத்துக்குக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாள். பகை இன்னும் இறுகிப் போனது. அதற்குப்பின் பெஞ்சக்கா நேரே பார்த்தபடியே முதுகால்தான் தங்கையைத் தேடுவாள்.

இப்படி வருஷங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஜாஸ் வந்து சேர்ந்தது.

ஒரு சாவுக்கு வந்திருந்த சாக்ஸபோன்காரர் ஒருவர் கோயிலுக்குள் தும்மிவிட்டார். தும்மல் கூரைக்குப் போய், நாலு தூணைச் சுற்றி, பெருத்து, கனிந்து, அவரிடமே திரும்பி வந்தது. மனுஷன் சொக்கிப் போய்விட்டார். அடக்கம் முடியும் வரைகூடப் பொறுக்காமல் பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபாதர், இந்த எதிரொலிய எங்கே வச்சிருந்தீங்க இத்தனை நாளா? எங்க பேண்டு இங்கே வாசிக்கணும். சனிக்கிழமை சாயங்காலம். சீசன் முழுக்க."

பாதிரியாருக்கு ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் கூரை ஒழுகுவது தெரியும். கச்சேரியில் வருகிற பணம் கூரைக்கு என்று பேசி முடித்தார்கள். தன் குரலைப் பாடாய்ப் படுத்திய அந்த எதிரொலியை ஒருவர் தேடி வந்து கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

முதல் சனிக்கிழமை பீடத்துக்கு முன்னால் டிரம்ஸ், பியானோ, ஆள் உயர வயலின் மாதிரி ஒரு பேஸ் எல்லாம் வந்து இறங்கின. ஊரார் புதுசு பார்க்க வந்து அவரவர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஞ்சக்காவும் பழக்கதோஷத்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். எலெக்ட்ரீஷியன் தங்கைப் புருஷனுக்கு இந்தச் சங்கீதம் உயிர். மைக் வேலையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவர் இழுத்து வந்ததில் தங்கையும் கடைசிப் பெஞ்சில் இருந்தாள்.

ஒரு பாட்டு முடிந்தது. கோயிலில் யாராவது கைதட்டுவார்களா? பெஞ்சக்கா அசையாமல் இருந்தாள், எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். இரண்டாவது முடிந்தது. அதே மயான அமைதி. பியானோக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்கு நடுவே மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஒருவர் மட்டும் தனியாகத் தன் சாமர்த்தியத்தைக் காட்டுவார், சோலோ என்பார்கள். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரரின் சோலோ வந்தது. சாதுவான மனிதர். என்ன தோன்றியதோ, இருந்தாற்போலிருந்து டிரம்ஸோடு மாட்டியிருந்த வெண்கலத் தாம்பாளத்தில் ஒரு போடு போட்டார் பாருங்கள், பெஞ்சக்கா பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டாள்.

கோயிலே எழுந்து நின்றது.

டிரம்ஸ்காரர் அண்ணாந்து பார்த்தார். கூட்டம் மொத்தமும் நிற்கிறது, ஒரு சத்தமில்லை. அவர் வாழ்க்கையில் அவருக்காக யாரும் எழுந்ததில்லை, பஸ்ஸில்கூட இடம் கொடுத்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, அடிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அவர் பார்வை பெஞ்சக்கா மேலேயே இருந்தது. அழுகிற ஆளுக்கு எதிரில் எப்படி உட்காருவது? அவள் நின்றாள். அவள் நிற்கிறாள் என்று அவர் அடித்தார். அவர் அடிக்கிறார் என்று அவள் நின்றாள். கடைசியில் ஒரு குச்சி முறிந்து பீடத்தின் மேல் போய் விழுந்ததால் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

மறுவாரமே பேச்சு பரவிவிட்டது. அந்தக் கோயில் கூட்டம் சாதாரணக் கூட்டமில்லையாம், வெட்டிக் கைதட்டல் கிடையாதாம், மூச்சைப் பிடித்துக் கேட்பார்களாம், உண்மையான வித்தை என்றால் மட்டும் ஒரே ஆளாக எழுந்து நிற்பார்களாம். எங்கெங்கோ இருந்த வித்வான்களெல்லாம் அங்கே வாசிக்கத் துடித்தார்கள். எழுவது யாரைப் பார்த்து என்பதையும் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

சலவைக் கடைக்கு ஒருநாள் டிரம்பெட்காரர் ஒருவர் வந்தார். கையில் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சட்டை.

"அக்கா, நாளைக்கு நம்ம சோலோ இருக்கு. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

"நான் என்னப்பா செய்ய? எனக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது."

"பெரியவங்கல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பின்னாலேயே பியானோக்காரரின் மனைவி வந்தாள். அவருக்கு இப்போதெல்லாம் மனசே சரியில்லை, ஒருதடவை நீங்கள் எழுந்தால் தேறிவிடுவார் என்றாள். பெஞ்சக்காவுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. எது நல்ல வாசிப்பு, எது நொள்ளை வாசிப்பு என்று யாரைக் கேட்பது? கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே கணக்கைப் பிடித்துக்கொண்டாள். சோலோ ஆரம்பித்ததும் மனசுக்குள் ஒரு சட்டையை விரிப்பாள். காலர், தோள், கை, முன்பக்கம், பின்பக்கம் என்று தேய்த்துக்கொண்டே வருவாள். மடித்து முடிக்கும்போதும் வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தால் எழுந்து நிற்பாள். அதற்குள் நிறுத்திவிட்டால் உட்கார்ந்தே இருப்பாள். அவளுடைய ரசனையின் நுட்பத்தைப் பற்றி வித்வான்கள் ஆச்சரியப்பட்டுப் பேசிக்கொண்டார்கள். அவசரப்படுகிறவனை அந்த அம்மா ஒருநாளும் மன்னிப்பதில்லை என்றார்கள்.

சீசன் முடியப்போகிற சமயத்தில் தங்கைப் புருஷன் ஒரு பெரிய மூட்டைத் துணியோடு கடைக்கு வந்தார். அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் தங்கையின் துணிகள். ஒன்றுவிடாமல் எல்லாம் இருந்தன.

"என்ன தம்பி, வீட்டையே காலி பண்ணிட்டு வந்துட்டீங்களா?"

அவர் வழக்கம்போல் சிரிக்கவில்லை. "காலிதான் பண்றோம் அக்கா. பையன் வேலை பாக்கற ஊருக்கே போயிடறோம். பேத்தி பொறந்திருக்கா இல்ல, அங்கேயே வந்து இருங்கன்னு ஒரே பிடிவாதம். கடைசிக் கச்சேரி அன்னைக்கு சாயங்கால பஸ். பாதி கச்சேரியில எழுந்து போகணும். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

"திரும்பி எப்ப வருவீங்க?"

"இனிமே எங்கே வர்றது அக்கா?"

இஸ்திரிப் பெட்டி கையிலேயே நின்றுவிட்டது. தீய்ந்த வாடை வந்ததும்தான் சுதாரித்தாள். நல்லவேளை, யாரோ ஒரு வக்கீலின் கால்சட்டை.

"இதை என்கிட்டதான் கொண்டு வர்றீங்கன்னு அவளுக்குத் தெரியுமா?"

"வேற கடைன்னு சொல்லியிருக்கேன். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எதுவா இருந்தாலும் போறதுக்குள்ள பேசிடுங்க அக்கா. அவளும் உள்ளுக்குள்ள வெந்துகிட்டுதான் இருக்கா, ஆனா வீம்பு. உங்க தங்கச்சிதானே."

அன்று பெஞ்சக்கா மற்றவர்கள் துணியைத் தொடவில்லை. தங்கையின் துணிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். இடுப்பு அளவு கூடியிருந்தது. ஒரு ஸ்வெட்டரில் முழங்கை தைக்கப்பட்டிருந்தது, தையல் கோணல். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது, அக்காதான் தைத்துக் கொடுப்பாள். அந்தக் கோணல் தையலைப் பார்த்ததும் பெஞ்சக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. பிரித்துத் திரும்பத் தைத்தாள். தானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கை வீட்டு வாசல் மணியை அடித்தாள்.

தங்கைதான் திறந்தாள். அக்காவையும் பார்த்தாள், மூட்டையையும் பார்த்தாள். கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கறாங்களே. நல்ல கடை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெஞ்சக்கா மூடின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரவில்லை, வந்திருந்தால் தேவலை. அவளுக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பலகையை விட்டுத் தான் எழுந்து வராதவரை தங்கை நம்பப்போவதில்லை.

அடுத்த ஞாயிறு, பூசைக்கு அவள் முதல் பெஞ்சுக்குப் போகவில்லை. நேரே கடைசிப் பெஞ்சுக்குப் போய், தங்கையிடமிருந்து ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறப்பதற்குள் முன்னாலிருந்து சரசரவென்று ஒரு சத்தம். கூட்டம் மொத்தமும் பெஞ்சில் முட்டி போட்டுத் திரும்பிக்கொண்டு அவளையே பார்த்து உட்கார்ந்துவிட்டது. பாதிரியார் பீடத்துக்கு வந்து பார்த்தால் வெறும் பின்னந்தலைகள். பாவம், முதுகுகளுக்குப் பிரசங்கம் செய்தார். தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இங்கேயும் வந்து ராஜ்ஜியம் பண்ணணுமா உனக்கு?" என்று காதோரம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

பூசை முடிந்ததும் பாதிரியார் ஓடி வந்தார். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சனிக்கிழமை மட்டும் இப்படிச் செஞ்சுடாதீங்க. கடைசிக் கச்சேரி. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க. எல்லாரும் பேண்டுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்தா மானம் போயிடும்."

"என் இடத்துல நீங்க உட்காருங்களேன் ஃபாதர்."

"நான் உட்கார்ந்து பார்த்தேம்மா, போன மாசம் ஒரு கச்சேரிக்கு நீங்க வர லேட்டானப்போ. ஒருத்தர்கூடக் கண்டுக்கல" என்றார் பாதிரியார் பரிதாபமாக.

கடைசிக் கச்சேரிக்குக் கோயில் வழிந்தது. பெஞ்சக்கா முதல் பெஞ்சில் தன் இடத்தில் இருந்தாள். தங்கையும் புருஷனும் பெட்டிகளைக் கதவோரம் வைத்துவிட்டுக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பஸ் நிற்கிற இடம் கோயில் வாசலுக்கு எதிரே. சாக்ஸபோன்காரர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். பெஞ்சக்கா மனசுக்குள் சட்டையை விரித்துப் பார்த்தாள். காலரையே தாண்ட முடியவில்லை.

பின்னால் ஒரு இருமல் கேட்டது, தங்கைப் புருஷனின் இருமல். வேண்டுமென்றே இருமியதுபோல் இருந்தது. பிறகு பெட்டிச் சக்கரம் தரையில் உருளும் ஓசை. வாசல் கதவு கிறீச்சிட்டு மூடியது.

பெஞ்சக்கா எழுந்தாள்.

கூட்டம் எழுந்தது. சாக்ஸபோன்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து, பூரித்துப் போய், இன்னும் உருகி வாசித்தார். அவள் திரும்பினாள், எல்லாரும் திரும்பினார்கள். சரி, பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று நடைபாதையில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். அவள் தாண்டத் தாண்ட ஒவ்வொரு பெஞ்சாகக் காலியாகிப் பின்னால் சேர்ந்துகொண்டது. டிரம்பெட்காரருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம், இது இந்தக் கோயிலின் உச்சபட்ச மரியாதை போலிருக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டு, வாசித்தபடியே கூட்டத்தோடு கிளம்பினார். சாக்ஸபோன் அவருக்குப் பின்னால் போனது. பேஸ்காரர் அந்தப் பெரிய வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு, வழியில் போகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடைசியாக வந்தார்.

எதிர்ச்சாரியில் தங்கை பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கோயிலின் கதவு திறந்து, அக்கா முன்னால் வர, பின்னாலேயே ஊரும் பேண்டும் வருவதைப் பார்த்தாள்.

"வழியனுப்புறதுக்கும் கூட்டத்தைக் கூட்டிட்டுதான் வருவியா?"

"நான் கூட்டிட்டு வரலடி. அதுங்களா வருது."

"என்ன வேணும் இப்போ?"

எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் பெஞ்சக்காவுக்கு மறந்துபோனது. அப்படியே தங்கையின் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் பின்னால் வந்த அத்தனை பேரும் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். வாசிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்து, உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு முன்னால் பிரேக் அடித்து நின்றது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வந்திருக்கணும்டி" என்றாள் பெஞ்சக்கா. "வரல. ஏதோ நான் இல்லேன்னா உலகமே நின்னுடும்னு நெனச்சேன். நீ அங்கே தனியா உட்கார்ந்திருந்ததை நெனச்சா இப்பவும் எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

தங்கை எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பச்சை நாற்காலி. ஒரு கால் ஆடும். பகல் பூரா அதுலதான் உட்கார்ந்திருந்தேன். கதவு தொறக்கறப்பல்லாம் நீதான்னு நெனச்சேன்."

"சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணுவிடாம."

தங்கை இன்னொரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர் காட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடக் கை வராதது, பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா தண்ணீர் கொடுத்தது, அந்த அம்மாவை மறந்தாற்போல் அக்கா என்று கூப்பிட்டுவிட்டது. அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பெஞ்சக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோட்டில் உட்கார்ந்திருந்த கூட்டமும் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டது.

டிரைவர் இறங்கி வந்தார். ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தார். "யாராவது பெரிய மனுஷங்க பார்த்து எழுந்திருங்கப்பா. டைம் ஆச்சு" என்றார். எல்லாரும் பெஞ்சக்காவைப் பார்த்தார்கள். அவரும் விஷயத்தைப் புரிந்துகொண்டு அவள் எதிரில் வந்து கும்பிட்டார். "அம்மா, நீங்கதானா? கொஞ்சம் எழுந்திருங்கம்மா."

அப்போதுதான் பெஞ்சக்காவுக்கு உறைத்தது. தான் உட்கார்ந்திருக்கும் வரை இந்தப் பஸ் நகராது, தங்கை போகமாட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பாழாய்ப்போன செல்வாக்கு முதல்முறையாக அவளுக்கு உபயோகப்பட்டது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவ இன்னும் பேசி முடிக்கல" என்றாள் டிரைவரிடம்.

தங்கை பேசி முடித்தாள். பெஞ்சக்கா எழவில்லை. தங்கைப் புருஷன் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பேஸ்காரர் மட்டும் நிம்மதியாக வாத்தியத்தைப் படுக்கவைத்து அதன்மேல் சாய்ந்திருந்தார். தங்கை குனிந்து அக்காவின் கைமேல் கைவைத்தாள்.

"எழுந்திரு அக்கா. அங்கே குழந்தையை வச்சுக்கிட்டு பையனும் மருமகளும் தவிச்சுக்கிட்டிருக்காங்க."

அவள் எழுந்தாள். எழுந்தது அவ்வளவு பாரமாக இருந்தது. ஊரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தது. சாக்ஸபோன்காரர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பெட்டிகள் ஏறின. தங்கை ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். பழைய வீம்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"போன் பண்றேன். ஞாயித்துக்கிழமை காலையிலதான் பண்ணுவேன். பூசை நேரத்துக்கு."

"பண்ணு. வீட்லதான் இருப்பேன்."

"பாப்போம்" என்றாள் தங்கை. பஸ் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோது பெஞ்சக்கா சலவைக் கடைக்கு மேலே தன் அறையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி ஓய்ந்த பிறகும் போன் அடிக்கவில்லை. சோதிக்கிறாளோ, மறந்துவிட்டாளோ என்று தவித்துக்கொண்டிருந்தபோது அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எடுத்துட்டியே!" என்றாள் தங்கை. பிறகு இருவரும் பேத்தி பால் கக்குவதைப் பற்றி, மருமகள் உப்பு போடாததைப் பற்றி, அந்த ஊர்க் குளிரைப் பற்றி, ஸ்வெட்டரின் முழங்கையைத் திரும்பத் தைத்தது யார் என்பதைப் பற்றிப் பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், சூரியன் ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். பாதிரியார் மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

"அம்மா, யாரும் எழவே இல்லம்மா. பூசை முழுக்க உட்கார்ந்தே இருந்தாங்க. முடிச்சுட்டேன், ஆசீர்வாதம் குடுத்துட்டேன், போயிட்டு வாங்கன்னும் சொல்லிட்டேன். நான் போய்ச் சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்காங்க. குழந்தைங்கல்லாம் பசியில அழுவுதுங்க. ஒரே ஒரு நிமிஷம் வந்து எழுந்து காட்டிட்டுப் போயிடுங்கம்மா."

பெஞ்சக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"என் தங்கச்சி பேசிக்கிட்டிருக்கா ஃபாதர்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டினாள்.

பாதிரியார் உட்கார்ந்தார்.